மண்ணெண்ணெய்க்கு இணங்கிய எஞ்சின்: வன்னியில் ஓடிய மொரிஸ் மைனர்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியின் மல்லாவியில், எங்கள் வளவுக்கு முன்னால் இரண்டு மொரிஸ் மைனர்கள் நிற்கும். இங்கிலாந்தில் செய்த சின்னக் கார்கள். ஒன்று சித்தப்பாவுடையது. முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்த பழைய கார். மற்றது பக்கத்து வீட்டு அண்ணையுடையது. ஒரே வளைந்த கண்ணாடி, வயதில் இளையது, எஞ்சினும் பெரிசு. இரண்டும் ஹயர் ஓடின. 1990களின் நடுப்பகுதி அது. போர்க்காலத் தடையில் பெற்றோல் வருவது கிட்டத்தட்ட நின்றிருந்ததால் இரண்டும் ஓடியது மண்ணெண்ணெயில்.

சித்தப்பாவின் கார் ஆறு பேரையும் ஒரு நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மாங்குளம் போய் வரும். மெதுவாகப் போகும், ஆனால் போகும். அண்ணையின் கார் நாலு பேரோடு மணல் பாதையில் ஏறினாலே பொனட்டுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். இரண்டு தரம் அதன் ஹெட் கஸ்கட், அதாவது எஞ்சினின் பிளொக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு, போனது. ஒரு தரம் பிஸ்டனே ஓட்டையானது. பெரிய எஞ்சின், புதிய எஞ்சின் ஏன் தோற்கிறது என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "அது பெற்றோல் குடிச்சு வளர்ந்த பிள்ளை, தம்பி. இதுக்கு எதைக் குடுத்தாலும் குடிக்கும்" என்றார். அவர் சொன்னதற்குள் இருந்த கணக்கை நான் புரிந்துகொண்டது பல வருடம் கழித்து, கராஜில் வேலை பழகியபோதுதான்.

மைனர் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரே உருவத்துக்குள் நாலு வெவ்வேறு எஞ்சின்கள் வந்திருக்கின்றன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் முதலில் வெளியே வந்தது. அவர் அதற்கு நினைத்திருந்தது படுக்கையாகக் கிடக்கும் நாலு சிலிண்டர் எஞ்சின். அது கைவிடப்பட்டு, போருக்கு முந்திய பழைய மொரிஸ் காரின் 918 சீசீ (கன சென்ரிமீற்றர்) எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அந்தப் படுக்கை எஞ்சினுக்காக அகலமாக விட்ட இடம் அப்படியே மிஞ்சியது. மைனரின் பொனட்டைத் திறந்தால் எஞ்சினின் இரு பக்கமும் கை தாராளமாகப் போகிறதே, அது அப்படி வந்த வரம். சாவிக்கட்டு ஒழுங்காக இல்லாத காலத்தில் அந்த இடைவெளி எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதை வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

அந்த 918 சைட் வால்வ் எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளொக்குக்குள்ளேயே நிற்கும். ஹெட் என்பது மேலே வைத்து மூடும் தட்டையான இரும்பு மட்டும்தான். கழற்றிக் கரி சுரண்ட இதைவிடச் சுலபமான எஞ்சின் கிடையாது. பலம் 27 அரைக் குதிரைவலு. முதலில் வந்தவற்றில் தண்ணீர்ப் பம்ப் கூட இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே எழும்பி, ரேடியேட்டரில் ஆறி, தானாகக் கீழே இறங்க வேண்டும். இங்கிலாந்தின் குளிருக்கு அது போதும். சித்திரை வெயிலில், நிழலே இல்லாத தெருவில், அது கொதித்துவிடும். வன்னியில் நான் இந்த எஞ்சினோடு கண்டது ஒரே ஒரு கார், முள்ளியவளைப் பக்கம்.

1952இல் ஒஸ்டினும் மொரிசும் ஒரே கம்பனியாக இணைந்தன. உடனே ஒஸ்டின் ஏ30 காரின் சிறிய 803 சீசீ எஞ்சின் மைனருக்குள் வந்தது. ஏ சீரிஸ் என்று பெயர் பெற்ற குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான். வால்வுகள் ஹெட்டுக்கு ஏறின. பலம் 30. 1956இல் அதே எஞ்சின் 948 சீசீ ஆகி 37 குதிரைவலு தந்தது. காருக்கும் மைனர் 1000 என்று பெயர் வந்தது, பிரிந்த கண்ணாடி ஒன்றானது. 1962இல் 1098 சீசீ, 48 குதிரைவலு. அதோடு 1971 வரை ஓடி முடிந்தது.

ஆக, வெளியே நின்றே பாதி சொல்லிவிடலாம். பிரிந்த கண்ணாடி என்றால் பிறக்கும்போது 918 அல்லது 803. ஒரே கண்ணாடி என்றால் 948 அல்லது 1098. நம்பர் தகடும் உதவும். இலங்கையில் ஆங்கில எழுத்துத் தகடு போய் ஸ்ரீ எழுத்து வந்தது 1957இல். அந்த எழுத்தை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் நடந்த போராட்டம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஈஎல், ஈஎன், ஈவை என்று தொடங்கும் தகட்டோடு ஒரு மைனர் வந்தால், அது பெரும்பாலும் 803 காலத்துக் கார், அல்லது 948இன் முதல் வரவு.

இனி, சித்தப்பா சொன்ன குடியின் கணக்கு.

எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே நிற்கும்போது உள்ள இடத்தை, மேலே ஏறி நின்றபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது கொம்பிரசன் விகிதம். பாடப்புத்தகத்தில் நெருக்கல் விகிதம். இது கூடக் கூட அதே எரிபொருளில் அதிகப் பலம் கிடைக்கும். ஆனால் கலவை அதிகமாக நெருக்கப்படும்போது சூடாகும். பிளக் பொறி விட்டு, தீ ஒரு மூலையிலிருந்து பரவிக்கொண்டு வரும்போது, மற்ற மூலையில் இருக்கும் கலவை அந்தச் சூட்டையும் நெருக்கத்தையும் தாங்காமல் தானாக வெடித்துவிடும். அதுதான் அந்தச் சுத்தியல் சத்தம். இதைத் தாங்கும் குணத்தைத்தான் ஒக்டேன் என்று அளக்கிறார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலின் பாதிக்கும் கீழே.

சைட் வால்வ் 918க்கு விகிதம் 6.5 அளவு. 803க்கு 7.2. சாதாரண 948க்கு 8.3. 1098க்கு 8.5. சித்தப்பாவின் கார் 803, அண்ணையின் கார் 948. அவ்வளவுதான் விஷயம். 7.2இல் மண்ணெண்ணெய் முணுமுணுத்துக்கொண்டு எரியும். 8.3இல் வெடிக்கும்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது, அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதுதான். 803க்கும் 948க்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றே, 76.2 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம். சிலிண்டரின் அகலத்தை மட்டும் 58 மில்லிமீற்றரிலிருந்து 63 அளவுக்குக் கூட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 803இல் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 201 சீசீ, 948இல் 237. விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் இரண்டிலும் 32 அரை சீசீ அளவுதான். அதே சின்ன அறைக்குள் 201க்குப் பதிலாக 237ஐத் திணிக்கிறார்கள். நெருக்கம் கூடாமல் என்ன செய்யும்?

மறுபக்கமாக, 948ஐ 7.2க்கு இறக்க வேண்டுமென்றால் மேலே எவ்வளவு இடம் கூட்ட வேண்டும்? 38 சீசீ வேண்டும். கையில் இருப்பது 32 அரை. வித்தியாசம் 6 சீசீக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொஞ்சம் வழிந்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த ஒரு கரண்டி இடம் இல்லாததால்தான் அண்ணையின் பிஸ்டன் ஓட்டையானது.

அந்தக் கரண்டியைத்தான் வன்னியின் மெக்கானிக்குகள் பல வழியில் தேடினார்கள். ஒரு வழி, ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கட் போடுவது. ஒரு கஸ்கட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேலதிகமாக ஒன்று போட்டால் 3 சீசீக்குக் கிட்டக் கிடைக்கும், விகிதம் 7.7க்கு இறங்கும். பாதித் தூரம். மிச்சப் பாதியை டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிச் சரிக்கட்டினார்கள். ஏ சீரிஸ் எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரில் விரலால் திருகும் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர் என்று குறி இருக்கும். ஆர் பக்கம் திருகினால் பொறி பிந்தி விழும், தட்டல் குறையும், பலமும் குறையும். அண்ணை மணல் பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, இறங்கி, அந்தச் சக்கரத்தைச் சில கிளிக் திருகிவிட்டுத்தான் ஏறுவார். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிறுத்துவார். பயணிகள் அதற்குள் இறங்கி வெற்றிலை போட்டு முடித்திருப்பார்கள்.

மண்ணெண்ணெயின் மற்றப் பிரச்சினை, அது இலகுவில் ஆவியாகாது. பெற்றோல் வெயிலிலேயே பறக்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 பாகை செல்சியஸ் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய், பிளக்கை நனைத்துவிட்டுக் கிடக்கும். ஆகவே தொடங்குவது பெற்றோலில்தான். சித்தப்பாவின் பொனட்டுக்குள் ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்று தலைகீழாகத் தொங்கும். அதன் குழாய், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்குப் போகும். குழாயில் இருந்த சின்ன உருளையைத் தள்ளித் துளியின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். அந்தப் போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு பெற்றோல் இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் அது. விடிய எஞ்சினைத் தொடக்கி, ரேடியேட்டரில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானதும், உருளையை மூடிவிட்டு மண்ணெண்ணெய்த் தாங்கியின் பூட்டைத் திறப்பார். வெள்ளைப் புகை ஒன்று வரும், எஞ்சின் ஒரு தரம் குலுங்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். இரவில் நிறுத்தும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஒரு நிமிடம் ஓட விடுவார், மறுநாள் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கக் கூடாதென்று. எனக்கு எட்டு, ஒன்பது வயது. அந்த உருளையை மூடும் வேலை எனக்குத்தான் என்று அடம்பிடித்து நிற்பேன்.

இந்த ஆவியாகும் விஷயத்தில் மைனரின் நாலு எஞ்சினுமே உதவின. காற்றுக் கலவை உள்ளே போகும் வாய்களும் புகை வெளியே வரும் வாய்களும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேட்டர் சூடான புகைக் குழாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பெற்றோல் ஓடும்போது அது ஒரு குறை, வெயில் நேரத்தில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைக்கும். மண்ணெண்ணெய்க்கு அதுவே வாழ்வு. போதாததற்கு எஸ்யூ காபரேட்டர். கீழே உள்ள மரையைத் திருகினால், எரிபொருள் வரும் துளையான ஜெட் இறங்கிக் கலவையில் எரிபொருள் கூடும், ஏறினால் குறையும். புதிய ஜெட் தேவையில்லை, உதிரிப்பாகம் தேவையில்லை. அறுகோண மரையின் ஒரு முகம், இரண்டு முகம் என்று எண்ணித் திருகினால் போதும்.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது நாங்கள் கண்டுபிடித்த வித்தை என்று சிலர் சொல்வார்கள். முழுதாக அப்படி அல்ல. பெர்குசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே ஒரு மாதிரி, டீஈடி 20, 1949இலேயே வந்தது. தொடங்க ஒரு சின்னப் பெற்றோல் தாங்கி, ஓட ஒரு பெரிய தாங்கி. அதன் கொம்பிரசன் 5க்குக் கிட்ட. அதாவது கம்பனியே செய்தபோது விகிதத்தை அவ்வளவு கீழே இறக்கியது. வன்னியில் நடந்தது அதைவிடக் கடினமான காரியம். பெற்றோலுக்கென்று பிறந்த எஞ்சினை, விகிதத்தை அவ்வளவுக்கு இறக்க வசதி இல்லாமல், விளக்குக்கு ஊற்றும் எண்ணெயில் வருடக்கணக்காக ஓட வைத்தார்கள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் வருவது கிட்டத்தட்ட நின்றது. மண்ணெண்ணெய் அளந்து அளந்து வந்தது. 2002இல் போர்நிறுத்தம் வரும்வரை பிள்ளைப்பேற்றுக்குப் போன கார், பாம்பு கடித்தவரைக் கொண்டுபோன கார் என்று எத்தனையோ அப்படி ஓடின. அந்த மெக்கானிக்குகளின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

விலையும் கொடுத்தோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே எண்ணெய்க்குள் வடியும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், மணந்தால் விளக்கு மணக்கும். அந்த மெலிந்த எண்ணெயில், சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் தேயும். இந்த இடத்தில் 803தான் பலவீனம். அதன் பெயரிங் மென்மையான வெள்ளை உலோகம். 948க்கு வந்தபோது அதைவிட உறுதியான பெயரிங்கும், எல்லா எண்ணெயும் கடந்துபோகும் வடிகட்டியும் வந்தன. கொம்பிரசனில் 803 வென்றது, அடிப்பாகத்தில் 948 வென்றது. ஆகவே நல்ல மெக்கானிக் 803 வைத்திருப்பவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: எண்ணெயை அடிக்கடி மாற்று. எண்ணெயும் தட்டுப்பாடான காலத்தில் அதுவும் இலேசல்ல. சித்தப்பா பழைய எண்ணெயைப் பானையில் ஊற்றி, அடுப்பில் வைத்து, மண்ணெண்ணெய் மணம் போகும்வரை சூடாக்கித் திரும்ப ஊற்றுவார். ஆபத்தான வேலை. இன்றைக்கு ஒருவரும் செய்யக் கூடாது.

மைனரை மட்டும் சொல்லிவிட்டு ஏ40ஐ விட்டால் ஊரில் கோபிப்பார்கள். ஒஸ்டின் ஏ40 சொமசெட் 1200 சீசீ, 42 குதிரைவலு, விகிதம் அதே 7.2. பிஸ்டனின் ஓட்டம் 89 மில்லிமீற்றர், நீளமானது. மெதுவான சுழற்சியிலேயே இழுக்கும். அந்த இழுவையாலும் அந்த 7.2ஆலும்தான் அது ஹயர்காரரின் அன்பைப் பெற்றது. பிறகு வந்த கேம்பிரிட்ஜ் ஏ55 1489 சீசீ, ஏ60 1622 சீசீ. விகிதம் 8.3. மைனர் 1000இன் அதே நோய். ஏ60இல் 1489 சீசீ டீசல் ஒன்றும் கம்பனியே செய்தது, 40 குதிரைவலு. பின்னாளில் பலர் கேம்பிரிட்ஜுக்குள் யப்பான் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது இந்தக் கதை திரும்ப எழும்பியது. கிளிநொச்சியில் இளம் பிள்ளைகள் சிலர், பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, புதிய மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அவற்றின் விகிதம் 9ஐத் தாண்டும். சிலதில் காபரேட்டரே இல்லை, கொம்பியூட்டர் அளந்து பீச்சுவது. திருக மரையும் இல்லை, தள்ள டைமிங்கும் இல்லை. என்னிடம் வந்த மூன்றில் இரண்டுக்கு பிஸ்டன் போயிருந்தது. பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் சொன்னது வேறு எஞ்சினைப் பற்றி. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதோடு அந்த முயற்சியும் அடங்கியது.

இப்போது பழைய மைனரைத் தேடி வாங்கித் திருத்துகிறவர்கள் வருகிறார்கள். 2009இல் எத்தனையோ கார்கள் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் அங்கேயே எரிந்தும் சிதைந்தும் போயின. மிஞ்சியவற்றில் பல, ஒன்றின் உடலும் இன்னொன்றின் எஞ்சினுமாக இருக்கின்றன. 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை கார் இறக்குமதி இறுகியிருந்த நாடு இது. இருந்ததை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஓடினோம். ஆகவே கண்ணாடியையும் நம்பர் தகட்டையும் பார்த்து எஞ்சினைத் தீர்மானித்துவிட்டு உதிரிப்பாகம் வாங்கப் போக வேண்டாம். 803இன் பிஸ்டன் 948க்குப் பொருந்தாது, 948இன் கிராங்க் 1098க்குப் பொருந்தாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் பொனட்டுக்குள் உள்ளதும் ஒத்துவருகிறதா என்று காசு கொடுக்க முன்னமே பாருங்கள்.

எஞ்சின் இலக்கத் தகடு எஞ்சினின் வலப் பக்கம், பற்றரிக்கு மின்சாரம் தரும் டைனமோ பூட்டியிருக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். 1957க்குப் பிந்திய எஞ்சின்களில் அது 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. கடைசி எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. எச் என்றால் கூடிய கொம்பிரசன், எல் என்றால் குறைந்தது. நல்ல பெற்றோல் கிடைக்காத நாடுகளுக்கென்று கம்பனி பிஸ்டன் தலையின் வடிவத்தை மாற்றி 948ஐ 7.2க்கே இறக்கி அனுப்பியது. அந்த ஒரு கரண்டி இடம் அதில் பிறப்பிலேயே இருக்கிறது.

போன மாதம் ஒட்டுசுட்டானில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு மைனர் 1000ஐ இழுத்து வந்தோம். வீட்டுக்கார அம்மா, தன் கணவர் தடைக் காலம் முழுக்க அதை மண்ணெண்ணெயில் ஓட்டியதாகவும், ஒரு நாளும் அது தட்டியதில்லை என்றும் சொன்னார். மைனர் 1000 அப்படி ஓடியிருக்காது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். டைனமோவுக்கு மேலே ஒரு விரல் தடிப்புக்கு எண்ணெய் அழுக்கு. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். 9 எம், யூ, பிறகு எல்.